ஊருக்குப் போகும்போது டேப்லெட்டா, குட்டி லேப்டாப்பா?

ஊருக்குப் போகும்போது லேப்டாப் எதற்கு, டேப்லெட் போதுமே என்று யோசனை சொல்கிறவர்களிடம், நம்மூரில் எங்கே உட்கார்ந்து அதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் நம்புங்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து திருநெல்வேலிக்கு இந்த முறை நான் இரண்டையும் எடுத்துப் போனேன். ஒன்று 10.9 அங்குல ஐபேட், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இன்னொன்று பழைய 12.5 அங்குல திங்க்பேட் லேப்டாப், உறையோடு ஒன்றேகால் கிலோ வரும். முழு லீவு கிடைக்கவில்லை, பாதி நேரம் ஊரிலிருந்தே ஆபீஸ் வேலை, அதோடு அம்மாவின் கண் ஆபரேஷன், தாத்தா வீட்டுப் பட்டா விவகாரம் என்று ரயிலிலும் வராண்டாக்களிலும்தான் அதிகம் உட்கார்ந்திருந்தேன்.

விமான நிலையத்தில் டேப்லெட்டுக்குச் சலுகை ஏதும் இல்லை. லேப்டாப், டேப்லெட், பவர் பேங்க் எல்லாவற்றையும் வெளியே எடுத்து டிரேயில் வைக்கச் சொல்வார்கள், இரண்டும் கொண்டுபோனால் இரட்டை வேலை.

உண்மையான சிக்கல் பிளக்கில் ஆரம்பித்தது. ஜெர்மனி லேப்டாப் வயரின் முனை தடித்த வட்டமாக இருக்கும், நம்மூர்ச் சாக்கெட்டுக்குச் சரியாகப் பொருந்தாது. டேப்லெட் சார்ஜரின் ஒல்லியான இரண்டு முள் நுழையும், ஆனால் துளை பெரிது என்பதால் தொளதொளவென்று ஆடும், பக்கத்தில் யாராவது நாற்காலியை இழுத்தாலே சார்ஜ் நின்றுவிடும். புதுச் சாக்கெட்டுகளில் உள்ளே ஒரு மூடி வேறு இருக்கிறது, மேலே இருக்கும் எர்த் துளையில் முள் போனால்தான் அது திறக்கும், இரண்டு முள் சார்ஜரை வைத்துக்கொண்டு பேனாவால் நெம்புகிறவர்களை நிறையப் பார்த்தேன் (தயவுசெய்து செய்யாதீர்கள்). டிராவல் அடாப்டர் வாங்கினால் கனம் தாங்காமல் சுவரில் தொங்கும். இதற்கு லேப்டாப்காரர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. பல லேப்டாப்களின் சார்ஜர் கட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயரை மட்டும் தனியாகக் கழற்றலாம், அதே வயர் நம்மூர் மூன்று முள்ளோடு கம்ப்யூட்டர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், கட்டி 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வாங்கி மாட்டிய பிறகு, ஆடாமல் அசையாமல் நின்றது லேப்டாப் பிளக்தான்.

எழும்பூரிலிருந்து நெல்லைக்கு வந்தே பாரத்தில் போனேன், 2023 செப்டம்பரில் விட்ட வண்டி. சீட்டுக்கு முன்னால் மடக்குத் தட்டு இருக்கிறது, 12.5 அங்குலம் அதில் கச்சிதமாக உட்காருகிறது, முன்னால் இருப்பவர் சீட்டைச் சாய்க்கும்வரை. சாய்த்துவிட்டால் திரையைப் பாதிதான் திறக்க முடியும். சாப்பாட்டுத் தட்டு வந்ததும் லேப்டாப் மடிக்கு இறங்க வேண்டும், ஐபேடை என்றால் முன் சீட்டுப் பையில் செருகிவிடலாம். அதுவரை ஐபேட் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் எழுத ஆரம்பித்ததும் நிலைமை மாறிவிட்டது. படுக்கைவசமாகப் பிடித்தால் கண்ணாடிக் கீபோர்டே பாதித் திரையைத் தின்றுவிடுகிறது. நான் அடிப்பது தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு முறையில். லேப்டாப்பில் அதே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும், விரல் தன்னால் ஓடும். கண்ணாடியில் வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்து எழுத்து விழுகிறது. விழுப்புரம் தாண்டுவதற்குள் ஐபேடை மூடிவிட்டேன்.

திரும்பும்போது நெல்லை எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர், அப்பர் பெர்த். அங்கே நிமிர்ந்து உட்காரவே முடியாது, லேப்டாப்பை மறந்துவிடலாம், படுத்தபடி படிக்க ஐபேடுக்கு நிகர் இல்லை. சார்ஜை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், தீ விபத்துப் பயத்தால் பல ரயில்களில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டை அணைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் இந்த ஓடிபி. ஸ்டேஷன் வைஃபை தினமும் அரை மணி நேரம் இலவசம், நல்ல விஷயம்தான், ஆனால் உள்ளே போக உள்ளூர் எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். சிம் போட்ட ஐபேட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அதில் டேட்டா ஓடும், சாதாரண எஸ்எம்எஸ் வராது. ஆகவே தம்பி வாங்கிக் கொடுத்த உள்ளூர் சிம் போனில், போனிலிருந்து ஹாட்ஸ்பாட், கடைசிவரை அப்படியேதான் ஓட்டினேன்.

கண் ஆஸ்பத்திரியில் நாலு நாற்காலி சேர்ந்த இரும்பு வரிசை, முன்னால் மேசை கிடையாது. உறையை மடக்கி நிறுத்தும் டேப்லெட்டுக்குத் தட்டையான இடம் வேண்டும், தொடையில் வைத்தால் சரிந்துகொண்டே இருக்கும். லேப்டாப் தொடையைச் சுட்டாலும் அசையாமல் இருந்தது. ஒரு வித்தியாசத்தையும் அங்கேதான் கவனித்தேன். லேப்டாப் திறந்தால் வேலை பார்க்கிறான் என்று விட்டுவிடுகிறார்கள், டேப்லெட் எடுத்தால் பக்கத்து வரிசைக் குழந்தை, "மாமா, இதுல கேம் இருக்கா?" என்று மடிக்கே வந்துவிடுகிறது. ஆபீஸ் மெயிலை அந்தக் குழந்தையோடு சேர்ந்துதான் படித்தேன்.

ஹோட்டலில் எதையும் திறக்காதீர்கள். காபி டம்ளர் காலியானதும் சர்வர், "வேற என்ன சார்?" என்று நிற்பார், பின்னால் டேபிளுக்கு ஒரு குடும்பமே காத்திருக்கும். சென்னையில் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் அமைதியாக வேலை ஓடியது.

பட்டா விஷயத்தில் டேப்லெட் கைவிட்டுவிட்டது. 1975 முதலான வில்லங்கச் சான்றை (சொத்தின் பத்திரப் பதிவு விவரம்) இணையத்தில் பார்க்க முடிவது பெரிய வசதி, இல்லையென்றால் அதற்கே சில நாள் அலைந்திருப்பேன். ஆனால் நான் நிரப்பிய ஒரு படிவத்தில் கண்ணாடிக் கீபோர்டு எழுந்து சமர்ப்பிக்கும் பொத்தானை மறைத்துக்கொண்டது, முடிவு வரும் புது ஜன்னலை ஐபேட் திறக்க விடவில்லை. லேப்டாப்பில் ஐந்து நிமிட வேலை. ஜெராக்ஸ் கடையிலோ, "அண்ணே, வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க" என்றான் பையன், அங்கே போன் இரண்டையும் தோற்கடித்தது. பழைய பத்திரத்தை ஸ்கேன் பண்ணி அவன் பென்டிரைவில் கொடுத்தபோதுதான் திங்க்பேடின் அந்தப் பழைய யூஎஸ்பி துளைக்கு வேலை வந்தது.

வெயிலில் இரண்டுமே பாவம். ஆப்பிள் சொல்லும் உச்ச வரம்பு 35 டிகிரி, நெல்லை மே மாதம் அதை எப்போதோ தாண்டிவிடும். கார் டேஷ்போர்டில் கிடந்த ஐபேட் குளிர்ந்தால்தான் வேலை செய்வேன் என்று திரையில் எழுதிக் காட்டியது. பிளாட்பாரத்தில் அதன் பளபளத் திரையில் என் முகம்தான் தெரிந்தது, திங்க்பேடின் மங்கல் திரையில் எழுத்தாவது தெரிந்தது.

ஒன்றுதான் கொண்டுபோகலாம் என்றால் நான் குட்டி லேப்டாப்பைத்தான் எடுப்பேன். படம் பார்க்க, படிக்க மட்டும் வருகிறவர்கள் தாராளமாக டேப்லெட்டோடு வரலாம். என் ஐபேட் இப்போது அம்மாவிடம் இருக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கிச் செய்தி படிக்கிறார், ஓடிபி கேட்டால் மட்டும் தம்பியைக் கூப்பிடுகிறார்.