சீனமா, ஜப்பானியமா: படித்தபின் கையில் நிற்பது எது?

கோவையில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் அக்கா மகள் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தபோது, "மாமா, சீனம் படிக்கட்டுமா, ஜப்பானியம் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் இரண்டையும் தொட்டுப் பார்த்தவன் நான் ஒருவன்தான். 2012-ல் சென்னையில் வேலை பார்த்தபோது மாலை வகுப்பில் ஜப்பானியம் சேர்ந்து, ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வின் தொடக்க நிலைகளான என்5, என்4 ஆகிய இரண்டையும் தேறினேன். 2015-ல் திருப்பூருக்குத் திரும்பி, நிட்டிங் மெஷின்களுக்கான உதிரிபாகக் கடையை அப்பாவிடமிருந்து ஏற்றுக்கொண்டேன். கடைக்கு வரும் ஊசி, சிங்கர் (கண்ணியைப் பிடிக்கும் தகடு), கேம் (ஊசியை இயக்கும் பாகம்) எல்லாவற்றிலும் பெரும்பகுதி சீனத்திலிருந்தே வந்ததால், ஜப்பானியத்தை அப்படியே நிறுத்திவிட்டுச் சீனத்துக்கு மாறினேன். 2019-ல் எச்எஸ்கே என்ற சீன மொழித் தகுதித் தேர்வில் நான்காம் நிலை தேறினேன். ஆகவே என் சாய்வு சீனத்தின் பக்கம்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சீனம் படிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் மக்கள்தொகை, பொருளாதார பலம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. பழைய உறவைக் காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்சோ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. குப்லாய் கான் ஆண்ட காலத்தது, சிவன் கோயில் தொடர்பானது. எங்கள் தொழிலுக்கு வேண்டிய வட்டப் பின்னல் இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலைகள் பல இன்று அதே ஊரில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த தற்செயல். ஆனால், அந்தக் கல்வெட்டுக்காக யாரும், நான் எழுதிய நான்காம் நிலைத் தேர்வுக்கு வேண்டியிருந்த ஆயிரத்து இருநூறு சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

வேலைவாய்ப்பு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஜப்பானியமே மேல். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகளிலும், ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் மென்பொருள் நிறுவனங்களிலும் அந்த மொழிச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். சீனத்துக்கு அந்த அளவு ஆதரவு இல்லை. 2019-ல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கை வரைவில் பள்ளியில் கற்கக்கூடிய அயல்மொழிகளுள் சீனமும் இருந்தது. 2020-ல் இறுதி வடிவம் வந்தபோது ஜப்பானியமும் கொரியமும் நிற்க, சீனம் மட்டும் காணாமல் போயிருந்தது.

கற்கும் பாடு என்று பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அமெரிக்க அரசுத் தூதர்களுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம் இரண்டுக்குமே 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கிட்டிருக்கிறது. அது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு. தமிழருக்கு ஜப்பானிய வாக்கியம் சொந்த வீட்டுத் திண்ணைபோல இருக்கும்: வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், முதல் மாதத்திலேயே வாய் தானாகப் பேசும். சீனத்தில் அந்தச் சலுகை குறைவு என்றாலும், பெயரெச்சத் தொடரில் மட்டும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 'நான் நேற்று வாங்கிய ஊசி' என்பதைச் சீனத்திலும் நான், நேற்று, வாங்கு, ஊசி என்ற இதே வரிசையில்தான் சொல்வார்கள். 'வாங்கிய' என்பதில் நமக்கு விகுதி செய்யும் வேலையை அங்கே 'த' என்ற ஓரசைச் சொல் செய்கிறது. அவர்களுடைய ஒலிகளில் ரகரமாக எழுதப்படும் ஒன்று நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது என்பதும் நமக்குக் கிடைத்த சிறு லாபம்.

தொனிதான் சீனத்தின் கடினமான பக்கம் என்பார்கள்; உண்மைதான். 'மாய்' என்பதை இறக்கி ஏற்றிச் சொன்னால் வாங்குவது, வெட்டி இறக்கிச் சொன்னால் விற்பது. எழுத்திலும் வாங்குவதைக் குறிக்கும் வடிவத்தின் தலைமேல் 'பத்து' என்ற எழுத்தை ஏற்றினால் விற்பது ஆகிவிடும். தொனியில் நானே ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். சீனத்தில் பத்து 'ஷி', நான்கு 'ஸி'. எனவே பதினான்கு 'ஷிஸி', நாற்பது 'ஸிஷி'. தென்சீனத்தார் பலருடைய வாயில், நம் ஊரில் ழகரம் ளகரமாவதுபோல, ஷகரம் ஸகரமாகிவிடுவதால் இரண்டுமே 'ஸிஸி' என்று காதில் விழும். ஏறி இறங்கினால் பதினான்கு, இறங்கி ஏறினால் நாற்பது. மிஞ்சும் அடையாளம் அது ஒன்றுதான். 2018-ல் மெஷினில் ஊசிகளைத் தாங்கும் சிலிண்டர் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தபோது, விற்பவர் அனுப்பிய குரல் செய்தியை இரண்டு முறை கேட்டுவிட்டுப் பதினான்கு நாள் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னது நாற்பது. மெஷின் நின்ற நாட்களுக்கு அந்த மில்காரர் என்னிடம் பேசிய தமிழில் எந்தத் தொனிக் குழப்பமும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் சீனத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம் பராமரிப்பு. மொழியைப் படிப்பதற்கு ஆகும் செலவைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம்; படித்ததைக் கைவிட்டுப் போகாமல் வைத்திருக்க ஆகும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேலை, குடும்பம் என்று ஆனபின் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த மொழி தாக்குப்பிடிக்கும் என்பதே வளர்ந்தவர்களுக்கான கேள்வி என்று நினைக்கிறேன்.

ஜப்பானியமும் சீன எழுத்துகளைக் கன்ஜி என்ற பெயரில் எடுத்தாள்கிறது. அவற்றில் ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். பிறப்பு, உயிர், சமைக்காத பச்சை என்றெல்லாம் பொருள்படும் ஒரே எழுத்து இரண்டு மொழிகளிலும் இருக்கிறது. சீனத்தில் அதன் ஒலி 'ஷெங்', அவ்வளவுதான். பிறந்தநாள், மாணவர், வியாபாரம், உற்பத்தி, கோபம் என எந்தச் சொல்லுக்குள் வந்தாலும் அது 'ஷெங்'தான். ஜப்பானியத்திலோ அதே எழுத்து மாணவரில் 'சேய்', பிறப்பில் 'ஜோ', உயிர்வாழ்வதில் 'இ', பிறப்பதில் 'உ', சமைக்காத பொருளில் 'நாமா' என்று இடத்துக்கு இடம் வேறு ஒலி பெறுகிறது. 2010-ல் திருத்தப்பட்ட ஜப்பானிய அரசுப் பட்டியலில் அன்றாடப் புழக்கத்துக்கான எழுத்துகள் 2,136 மட்டுமே. சீனத்தில் 2013-ல் வெளியான அட்டவணையின் முதல்நிலை எழுத்துகளே 3,500. எண்ணிக்கையைப் பார்த்தால் ஜப்பானியம் எளிது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை ஒலியை நினைவில் நிறுத்த வேண்டும் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. சீனத்திலும் இரட்டை ஒலி எழுத்துகள் உண்டு. 'நட' என்பதைக் குறிக்கும் 'ஷிங்' வங்கி என்ற சொல்லில் 'ஹாங்' ஆகிவிடும். அவை விதிவிலக்குகள். ஜப்பானியத்தில் அதுவே விதி.

எண்ணும் முறையிலும் இதே கதைதான். ஊசி போன்ற நீளமான பொருட்களை ஜப்பானியத்தில் எண்ணினால் ஒன்றுக்கு 'இப்போன்', இரண்டுக்கு 'நிஹோன்', மூன்றுக்கு 'சாம்போன்' என்று அளவைச் சொல்லே உருமாறிக்கொண்டு போகும். சீனத்திலும் அளவைச் சொற்கள் உண்டு. ஆனால் எண் மாறினாலும் அவை மாறுவதில்லை. வினைச்சொல்லுக்குக் காலம் காட்டும் விகுதியும் இல்லை, மரியாதைக்கென்று தனி வினை வடிவமும் இல்லை. துருப்பிடிக்கக்கூடிய பாகங்கள் குறைவாக உள்ள இயந்திரம் என்று எங்கள் கடைப் பேச்சில் சொல்லலாம்.

புதுச் சொற்கள் வந்து சேரும் விதமும் பராமரிப்பைச் சேர்ந்ததே. சீனர்கள் அயல்மொழிச் சொல்லை ஒலிபெயர்ப்பதைவிடத் தங்கள் எழுத்துகளைக் கொண்டே பெயர் வைப்பதைப் பெரிதும் விரும்புகிறார்கள். கணினி 'மின்மூளை', ரயில் 'தீவண்டி', கைப்பேசி 'கைப்பொறி', விமானம் 'பறக்கும் பொறி'. எங்கள் மெஷினை 'தா யுவான் ஜி' என்கிறார்கள். எழுத்துக்கு எழுத்துப் பெரிய, வட்ட, பொறி. கேமுக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'முக்கோணம்'. நூறு எழுத்து தெரிந்தவருக்கு நூற்றியோராவது சொல் பாதி புரிந்தபடிதான் வந்து சேரும். பழைய எழுத்துகளும் அந்தச் சாக்கில் ஒரு முறை நினைவில் புதுப்பிக்கப்படும். ஜப்பானியத்தில் புதிய சொற்களில் பெரும்பங்கு ஆங்கிலத்திலிருந்து, அயல்மொழிச் சொற்களை ஒலிப்படி எழுதும் கட்டகானா எழுத்தில் நேராக இறங்குகிறது. படிக்கும்போது அது சுலபம்தான். பழையதை நினைவூட்டும் உதவியை மட்டும் அது செய்வதில்லை.

இந்தக் கணிப்பைச் சோதிக்கும் வாய்ப்பு நான் கேட்காமலேயே வந்தது. 2020 ஜூன் மாதம் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் சீனச் செய்திச் செயலியான வீசாட்டும் ஒன்று. சீனத்தில் என் பேச்சு, பேரம், பண்டிகை வாழ்த்து எல்லாமே அதில்தான் நடந்துகொண்டிருந்தன. தொற்றுக்காலத்தில் நின்ற நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கின. இடையில் இரண்டு ஆண்டுகள் ஆங்கில மின்னஞ்சலிலேயே தொழில் ஓடியது. சீனம் ஏறக்குறைய உறங்கிவிட்டது. 2022-ல் மீண்டும் எடுத்தபோது என் பேச்சு தடுமாறியது, தொனிகள் குழம்பின, கையால் எழுதுவது முற்றாகப் போயிருந்தது. ஆனால் விலைப்பட்டியலையும் பாக வரைபடத்தையும் அகராதி இல்லாமல் வாசிக்க முடிந்தது. மூன்று வாரத்தில் காதும் திரும்பிவிட்டது. கையெழுத்து போனதற்காக நான் வருந்தவில்லை. ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டினால் வரும் வரிசையிலிருந்து சரியான எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கண் இருந்தால் போதும். சீனர்களே பலர் பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோவதாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதே 2022-ல் என் பழைய ஜப்பானியப் பாடநூலையும் பிரித்துப் பார்த்தேன். வாக்கிய அமைப்பு அப்படியே நினைவில் இருந்தது, எழுத்துகளின் பொருளும் சீனத்தின் உபயத்தால் தெரிந்தது, வாசிக்கத்தான் முடியவில்லை. இந்த ஒப்பீடு முழு நியாயமானதல்ல. நான் ஜப்பானியத்தில் என்4 என்ற தொடக்கநிலையைத் தாண்டவில்லை, விட்டும் கூடுதலான ஆண்டுகள் ஆகியிருந்தன. என்2 என்ற உயர்நிலை வரை போய் ஜப்பானில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர் இதை மறுத்தால் நான் வாதிட மாட்டேன்.

கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே என்ற கேள்விக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலுக்கு அது போதும். ஊசியின் அளவு சரியாக இருக்குமா என்று கேட்டதற்கு எதிர்முனையிலிருந்து 'சாபுதுவோ' என்று பதில் வந்தால், கருவி அதைக் 'கிட்டத்தட்ட' என்று மொழிபெயர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்தச் சொல் எந்தத் தயக்கத்தோடு வந்தது என்பதைக் கேட்டுத்தான் மாதிரி வரவழைப்பதா, முன்பணம் அனுப்புவதா என்று நான் முடிவு செய்கிறேன்.

அக்கா மகளிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சென்னையில் வேலைக்குப் போகப் போகிறவளுக்குத் தினமும் பேச ஆள் இருக்கும் மொழிதானே கையில் நிற்கும் என்று சொல்லி ஜப்பானிய வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அவள் இருக்கும் இடத்துக்கு அது சரியான கணக்கு, நான் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கன்ஜி புத்தகத்தோடு கடைக்கு வருகிறாள். ஒவ்வொரு எழுத்துக்கும் பொருளை நான் சொல்கிறேன். அந்த இடத்தில் அதை எப்படி வாசிப்பது என்பதைப் பின்பக்கத்துப் பட்டியலைப் புரட்டி அவள்தான் தேடிக்கொள்கிறாள்.