மாரிக்கு மழைக்கோட்டு: மட்டக்களப்பு–பொத்துவில் வீதியில் எது தாங்கும்?

மார்கழியில் மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு மோட்டார் சைக்கிளில் தனியே போய்வர நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை ரயரும் பிரேக்கும். அவை சரியென்றால் அடுத்தது மழைக்கோட்டு. சட்டை வேறு, நீளக்காற்சட்டை வேறாகக் கடைகளில் விற்கும் இரண்டு துண்டு மழைக்கோட்டுகளை இந்த ஒரு வீதியை வைத்தே இங்கே எடைபோடுகிறோம். முடிவை முன்னுக்கே சொல்லிவிடலாம்: துணியின் தடிப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். தையலுக்கும், சிப்பை மூடும் முன்மடிப்புக்கும் கொடுங்கள்.

கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வந்து, பொத்துவிலில் வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடிவது ஏ4 வீதி. இதன் கடைசி நூறு கிலோமீற்றர் சொச்சம் கடலோரமாகவே ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெரும்பாலும் பின்னேரத்தில் இடியோடு வந்து கொட்டிவிட்டு ஓயும். அதற்கு ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கி நின்றால் போதும். மார்கழி, தை மழை வேறு. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றோடு சேர்ந்து மணிக்கணக்கில் ஒரே சீராகப் பெய்யும். ஒதுங்கி நின்று மாளாது. அரை மணி மழையைத் தாங்கும் கோட்டு எல்லாக் கடையிலும் உண்டு. மூன்று மணி மழையைத் தாங்குவதுதான் அரிது, ஏனென்றால் தண்ணீர் துணியால் வருவதில்லை. ஊசி குத்திய ஓட்டைகளால் வருகிறது.

கடைக்காரர் விரித்துக் காட்டும்போது சட்டையையும் காற்சட்டையையும் புறம் திருப்பிப் பாருங்கள். தோள், கை, முதுகு, கவடு என்று எங்கெல்லாம் தையல் ஓடுகிறதோ அங்கெல்லாம் உட்புறத்தில் இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு நாடா சூட்டில் ஒட்டியிருக்க வேண்டும். நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் கிளம்பக்கூடாது. சில கோட்டுகளில் தோளுக்கு மட்டும் நாடா ஒட்டி, கவட்டை அப்படியே விட்டிருப்பார்கள். அது பாதி வேலை. லேபலில் 3000, 5000 என்று மில்லிமீற்றரில் போட்டிருக்கும் எண், அந்தத் துணி எவ்வளவு உயரமான நீர்த்தூணின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதைச் சொல்வது. அது துணிக்கு எடுத்த அளவு. தையலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நாடா ஒட்டிய 3000, நாடா இல்லாத 10000ஐ விட உங்களை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எல்லாக் கோட்டும் முதலில் தோற்பது கவட்டில். உட்கார்ந்து ஓடும்போது மடியில் விழும் மழை தொடைகளுக்கு நடுவே தேங்குகிறது. சீற்றின் முன்பக்கம் தாழ்ந்திருப்பதால் பெற்றோல் தாங்கியில் வழிவதும் அங்கேதான் வந்து சேரும். நான்கு தையல்கள் சந்திக்கும் இடமும் அதுவே. தேங்கிய தண்ணீரின் மேல் உடம்பின் பாரம் வேறு அழுத்துகிறது. ஆகவே நல்ல காற்சட்டையில் கவட்டுக்கென்று தனியாக ஒரு சாய்சதுரத் துண்டு வைத்து, தையல்களை ஒரே புள்ளியில் சந்திக்க விடாமல் விலக்கியிருப்பார்கள். வாங்கும் முன் சோதிக்க வழி உண்டு. காற்சட்டையைப் புறம் திருப்பி, கவட்டைக் கிண்ணம்போலக் குழித்துப் பிடித்து, ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் கைவைத்தால் ஈரம் தெரியக்கூடாது. கடையில் விடமாட்டார்கள் என்றால், மாற்றித் தருவதாகப் பேசி வாங்கி, விலைச்சீட்டைக் கழற்ற முன் வீட்டில் செய்யுங்கள்.

அடுத்தது முன்மடிப்பு. இதை இந்த வீதி போல வேறெதுவும் சோதிக்காது. தெற்கே போகும்போது கடல் இடக்கைப் பக்கம். வாடை இடப்பக்கத்துப் பின்புறமிருந்து வருகிறது. உங்கள் வேகத்தோடு கொஞ்சம் ஒத்துப்போகிறது. திரும்பி வடக்கே வரும்போது அதே காற்று வலப்பக்கத்து முன்புறமிருந்து மோதும். ஆண்களுக்கான சட்டைகளில் சிப்பை மூடும் மடிப்பு இடமிருந்து வலமாகப் படிகிறது. அதன் திறந்த விளிம்பு வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. எனவே போகும்போது ஒழுகாத சட்டை திரும்பி வரும்போது ஒழுகும். சட்டை பழசாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காற்று இப்போதுதான் வாசலைக் கண்டுபிடித்திருக்கிறது. ஒற்றை மடிப்பும் நாலைந்து அமுக்குப் பொத்தானும் உள்ள சட்டையில் பொத்தான்களுக்கு இடையே மடிப்பு வாய்பிளக்கும். தண்ணீர் சிப்பின் பற்களால் இறங்கி வயிற்றில் சேரும். தேட வேண்டியது இரட்டை மடிப்பு: ஒன்று சிப்புக்கு உள்ளே, ஒன்று வெளியே, வெளிமடிப்பு முழுநீளத்துக்கும் வெல்க்ரோ. உள்மடிப்பு மேல்விளிம்பில் கழுத்துவரை ஏறியிருக்க வேண்டும். பலதில் நெஞ்சோடு நின்றுவிடுகிறது.

வகைகளுக்கு வருவோம். தடித்த, றப்பர் போன்ற பிவிசி பூசிய கோட்டு மலிவு. தண்ணீர் புகாது என்பது உண்மை. வியர்வையும் போகாது என்பதும் உண்மை. இங்கே மார்கழியிலும் வெப்பமானி 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். காத்தான்குடியின் பேரீச்சை மரங்களைத் தாண்டி, ஆரையம்பதியும் கடந்து வீதி கொஞ்சம் திறக்கும் முன்னரே உள்ளே சட்டை நனைந்துவிடும். அதன்பிறகு ஒழுகியதா வியர்த்ததா என்று பிரித்தறிய முடியாது. நனைந்த உடம்பில் ஐம்பது கிலோமீற்றர் வேகக் காற்று பட்டால், 24 பாகையிலும் விரல் விறைக்கும். பிவிசியை மடித்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் மடித்து வைத்தால் மடிப்பில் வெடிப்பதும் விரைவில் நடக்கும். கல்முனைக்கு வேலைக்குப் போய்வர இது போதும். முழுநாள் ஓட்டத்துக்கு வேண்டாம்.

பொலியெஸ்டர் துணியின் உட்புறம் பியூ (பொலியூரித்தேன்) எனும் மெல்லிய பிளாஸ்ரிக் பூச்சுப் பூசி, தையலுக்கு நாடா ஒட்டி, உள்ளே வலைத்துணி வைத்தது இரண்டாவது வகை. எங்கள் பரிந்துரை இதுதான். வலைத்துணி ஈரப்பூச்சை உடம்போடு ஒட்டவிடாமல் தள்ளி வைக்கிறது. முதுகில் மடிப்புக்கு அடியில் காற்றுவாய் இருந்தால் இன்னும் நல்லது. இதன் பலவீனம் வெக்கை. ஈரத்தோடு சுருட்டிச் சீற்றுக்கு அடியில் வைத்தால் பியூ பூச்சு பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உரியும். உரியத் தொடங்கியதைத் திருத்த முடியாது.

கைப்பைக்குள் அடங்கும் மெல்லிய நைலோன் கோட்டும், தலைவழியே போடும் பொன்சோவும் மோட்டார் சைக்கிளுக்கு உரியவையல்ல. பொன்சோவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும்: கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று அதைத் தூக்கி முகத்தில் அறையும், தொங்கும் நுனி சக்கரத்தில் சிக்கும். ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறுப் பக்கம் தண்ணீருக்கு நடுவே வெளியாக ஓடும் வீதியிலும் அதே ஆபத்துத்தான்.

அளவை நின்றுகொண்டு பார்க்காதீர்கள். கதிரையில் கால் அகட்டி இருந்து, கைகளை ஹான்டில் பிடிப்பதுபோல நீட்டிப் பாருங்கள். முழங்கால் மடிந்ததும் காற்சட்டை ஒரு சாண் வரை ஏறும், சட்டைக் கை மணிக்கட்டை விட்டு விலகும், முதுகின் கீழ்விளிம்பு இடுப்புக்கு மேலே போகும். தனியே ஓடுபவருக்கு இந்தக் கடைசி விடயம் முக்கியம். பின்னால் ஆள் இல்லாததால் பின்சக்கரம் அள்ளி வீசும் சேற்றுநீர் நேரே முதுகுக்கு வரும். சட்டை சீற்றில் படியும் அளவுக்கு நீளமாக வேண்டும். வழமையான அளவைவிட ஒன்று பெரிதாக வாங்கலாம், இரண்டு கூடாது. தொளதொளத்த கோட்டு காற்றில் ஊதி அடித்து அடித்தே தையலை விடுவிக்கும். உதவிக்கு ஆள் இல்லை என்பதால் காற்சட்டையின் கால்நுனியில் முழங்கால் வரை திறக்கும் சிப்பும் வேண்டும். சப்பாத்தைக் கழற்றாமல் வீதியோரத்தில் ஒற்றைக்காலில் நின்று போட முடிய வேண்டும். வலக்கால் நுனியைப் பட்டியால் இறுக்குங்கள்: சைலன்சர் அந்தப் பக்கம், ஒரு தொடுகையில் பியூவும் பிவிசியும் உருகி ஒட்டிவிடும்.

நிறம் அழகுக்கான விடயமல்ல. கருப்பும் கடும்நீலமும்தான் கடையில் அதிகம் தொங்குகின்றன. சாம்பல் மழையில் பின்னால் வரும் பஸ்காரருக்கு அவை தெரிவதில்லை. எலுமிச்சை மஞ்சள் அல்லது செம்மஞ்சள் எடுங்கள். ஒளிதெறிக்கும் பட்டி தைத்ததாக இருக்க வேண்டும், ஒட்டியது உரிந்துவிடும். பெரும்போக வேளாண்மை நடக்கும் காலத்தில் வயலில் மேயவிட முடியாத மாடுகள் மழை இரவில் தார்வீதியிலேயே படுத்துக்கொள்கின்றன. பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரங்களும் வரும். உங்கள் கோட்டின் நிறம் மாட்டுக்கு உதவாது, ஆகவே இருட்ட முன் ஓட்டத்தை முடியுங்கள். திருக்கோவிலுக்குத் தெற்கே கோமாரிப் பக்கம் கடைகளும் ஒதுங்கிடங்களும் அருகிவிடுகின்றன. பொத்துவிலிலிருந்து லாகுகலைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு.

எந்தக் கோட்டாலும் முடியாத ஒன்றையும் சொல்லவேண்டும். வீதியைத் தண்ணீர் குறுக்கறுத்து ஓடினால் நின்றுவிடுங்கள். காரைதீவிலிருந்து அம்பாறைக்குத் திரும்பும் வீதியில் மாவடிப்பள்ளியில் 2024 நவம்பரில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துச் சென்றது. உழவு இயந்திரம் நிற்காத இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்காது. முழங்கால் வரை தண்ணீரில் விழுந்தால் கால்நுனி இறுக்கிய காற்சட்டைக்குள் தண்ணீர் நிறைந்து எழும்ப விடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சாமான்களுக்கு வரும் கோட்டு, அதாவது பையுறை, பெரும்பாலும் வீண். அடியிலிருந்து தெறிக்கும் தண்ணீரை அது தடுப்பதில்லை. உரம் வரும் 50 கிலோப் பையின் உள்ளே ஒரு பொலித்தீன் உறை இருக்கும். அந்த உறையைக் கழுவிக் காயவைத்து, உடுப்பை அதற்குள் போட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்டி, பிறகு பைக்குள் வையுங்கள். பின்சீற்றில் குறுக்காக இரண்டு இழுவைப் பட்டி போட்டால் அசையாது.

இத்தனை ஆயத்தமும் வீண்போகாத வீதி இது. நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பக்கத்து வயல்கள் முழுப் பச்சையாகத் தெரிவது இந்த மாதங்களில்தான். பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில் அலைச்சறுக்குக் கூட்டம் சித்திரைக்குப் பிறகே வரும். இப்போது கடற்கரை ஊராருக்கு. விடுதிகள் பல பூட்டியிருக்கும் என்பதால் அறையை முன்கூட்டிப் பேசி வைக்க வேண்டும். பேசும்போது கூரையுள்ள விறாந்தை இருக்கிறதா என்று கேளுங்கள், கோட்டு காய அதுதான் இடம். உட்புறம் வெளியே வரத் திருப்பி, கால்நுனி மேலே இருக்கத் தொங்கவிட்டால் கவட்டில் தேங்கிய ஈரம் வடியும். ஹீற்றர், இஸ்திரிப்பெட்டி, உச்சி வெயில் மூன்றும் ஆகா. சேற்றைக் குளிர்ந்த தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். உடுப்பு மென்மையாக்கும் திரவம் துணியின் மேல் தண்ணீரை உருளவைக்கும் தன்மையைக் கெடுத்துவிடும். வழியில் தையல் விட்டால் காய்ந்த உட்புறத்தில் அகலமான துணிநாடா ஒட்டி ஊர் வந்து சேரலாம். நாடா மூன்று இடத்துக்கு மேல் கிளம்பிவிட்ட கோட்டுக்குப் பசை வாங்கிச் செலவழிக்காமல், அடுத்த மாரிக்குப் புதிதாக எடுங்கள்.