வாடகைக்கு வந்த துறைமுகம்: ஒரு வேட உடைச் சேவை பற்றிய மதிப்பீடு

எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்கு, வேட உடைகளை வாடகைக்குத் தரும் ஒரு சேவையைப் பயன்படுத்தினோம். இணையத்தில் பதிவு செய்து, அளவுகளை அனுப்பி, உடைகளைப் பெட்டிகளில் பெற்றுக்கொண்டு, விழா முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடும் முறை அது. விழாவுக்கு வருவோரை வேடம் புனைந்து வரச் சொல்லலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இச்சேவையின் தனி உருப்படிகளான மேலங்கி, தொப்பி, சால்வை, கைப்பொருள்கள் ஆகியவற்றைத் தயங்காமல் எடுக்கலாம், பொட்டலமாக வரும் முழு வேட உடைகளை எடுக்க வேண்டாம்.

இவர்களுடைய பதிவுப் படிவமே எனக்கு நம்பிக்கை அளித்தது. என்ன வேடம் வேண்டும் என்ற கேள்வி அதில் கடைசியில்தான் வருகிறது. விருந்தினர்கள் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்களா, நடமாடுவார்களா, கூட்டம் திறந்தவெளியிலா அரங்கிலா, உணவு உண்டா, குழந்தைகள் வருவார்களா என்பவற்றைத்தான் முதலில் கேட்கிறார்கள். "பழைய காலம்" என்று மட்டும் நாங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அவர்களுடைய ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தார். அவ்வளவு அகலமான கருப்பொருளைக் கொடுத்தால் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள் என்றும், ஓர் இடத்தையும் ஒரு பொழுதையும் குறித்துக் கொடுத்தால் வேடம் தானே அமையும் என்றும் எடுத்துச் சொன்னார். அந்த உரையாடலில் உருவானதுதான் எங்கள் கருப்பொருள்: நூறாண்டுகளுக்கு முன், கப்பல் புறப்படவிருக்கும் ஒரு மாலையில் ஒரு துறைமுகம்.

இந்த யோசனையின் அருமை விழா தொடங்கிய பிறகுதான் முழுமையாகப் புரிந்தது. துறைமுகத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. மாலுமி, சுமைதூக்குபவர், தந்தி கொண்டுவருபவர், புகைப்படக்காரர், கப்பலைத் தவறவிட்ட பயணி என்று எவராக வந்தாலும், முன்பின் தெரியாதவரை அணுகிப் பேசுவதற்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது. எங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து வாயே திறக்காத ஓர் உறுப்பினருக்குப் பயணச்சீட்டுப் பரிசோதகரின் தொப்பியும், சீட்டில் துளையிடும் கருவியும் கிடைத்தன. அன்று அரங்கில் அவர் அணுகாத மேசையே இல்லை. சீட்டில்லாதவர்களை நிறுத்தி வைத்து, எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று விசாரித்து, பதில் திருப்தியாக இருந்தால்தான் விட்டார். அழகான உடையை மட்டும் கொடுத்திருந்தால் அவர் அதை அணிந்துகொண்டு அதே கடைசி வரிசையில்தான் அமர்ந்திருப்பார் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு வேட உடையை மதிப்பிடும்போது, அதை அணிந்தவர் என்ன செய்ய முடியும் என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

கருப்பொருளை இறுக்கிப் பிடிப்பது விருந்தினருக்குச் செய்யும் கருணையும்கூட. 1897-ஆம் ஆண்டு, விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி லண்டன் டெவன்ஷயர் மாளிகையில் நடந்த வேட விருந்தில், வரலாற்றிலும் புராணங்களிலும் வரும் மாந்தர்களாக வேடமிட்டு வருமாறு விருந்தினரைக் கேட்டிருந்தார்கள். பெரும் செல்வர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். 1966-இல் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் அளித்த விருந்துக்குக் கருப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்களும் ஒரு முகமூடியும்தான் விதி. அங்கும் செல்வர்களே திரண்டார்கள் என்றாலும், அந்த விதியை எவர் வேண்டுமானாலும் தம் வீட்டு அலமாரியைத் திறந்தே நிறைவேற்றிவிடலாம். இச்சேவையின் பட்டியலில் நிறத்தை மட்டும் வைத்துத் தேடும் வசதி இருப்பதை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன். தொப்பி மட்டும் எடுத்தவர்களும் கழுத்துத் துணி மட்டும் எடுத்தவர்களும் எங்கள் விழாவில் குறையின்றிக் கலந்துகொண்டார்கள்.

விழா நடத்துபவர்களின் உடைகளை மட்டும் முன்கூட்டியே அனுப்பிவைக்கும் இவர்களுடைய வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். 1939-இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகரும் அவருடைய தோழி மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடைகளை அணிந்து வந்தார்கள். அவற்றைத் தைத்தவர் மிர்ட்டில். மறு ஆண்டு மாநாட்டில் வேடப் போட்டியே நடந்தது. யாராவது முதலில் அணிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். மாலுமி உடையில் எடுத்த எங்கள் படங்களை அழைப்போடு அனுப்பியதும், தயங்கிக்கொண்டிருந்தவர்கள் அளவுகளை அனுப்பத் தொடங்கினார்கள்.

அளவு விஷயத்தில் இவர்களுடைய கவனத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். மார்பு, இடுப்பு, தோள் அகலம் ஆகியவற்றோடு, ஒரு தோளில் தொடங்கிக் கால்களுக்கிடையே சென்று அதே தோளுக்குத் திரும்பும் சுற்றளவையும் கேட்கிறார்கள். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடையை அணிந்தவர் குனியும்போது உடை பிடித்து இழுக்காமலிருக்க இந்த அளவுதான் முக்கியம். கப்பல் தலைவரின் கம்பளி மேலங்கியை உட்புறம் திருப்பிப் பார்த்தேன். முதுகுத் தையலின் உள்ளே வேண்டிய மட்டும் துணி விட்டிருந்தார்கள். மாலையில் பிரித்து இரவுக்குள் வேறொருவருக்குப் பொருத்திவிடலாம். ஜிப் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வரிசைக் கொக்கிகள் இருந்தன. இவை மேடை உடைகளுக்குரிய வேலைப்பாடுகள். பலர் அணிந்த உடை என்றாலும் வாடையே இல்லை. அடிக்கடி துவைக்க முடியாத துணிகளின் மீது நீர் கலந்த வோட்காவைத் தெளித்து உலர்த்துவது நாடகத்துறையில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை. இவர்களும் சாராயக் கரைசலைத்தான் பயன்படுத்துவதாகக் கூறினார்கள்.

இதே சேவை, பொட்டலத்தில் அடைத்த முழு வேட உடைகளையும் தருகிறது என்பதை நம்புவது கடினம். உள்துணி இல்லாத பாலியெஸ்டர் சாட்டின், வியர்வையை வெளியேற விடாமல் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. கழுத்தில் உள்ள வெல்க்ரோ தலைமுடியைப் பற்றி இழுக்கிறது. செயற்கை இழை தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், மெழுகுவத்தி ஏற்றும் எந்த விழாவுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகளின் வேட உடைகளுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 71 என்ற பொம்மைப் பாதுகாப்புத் தரத்தின் இரண்டாம் பகுதி, தீ பரவும் வேகத்துக்கு வரம்பு விதிக்கிறது. அந்த முத்திரை இருந்தால் உடை எரியவே எரியாது என்று பெற்றோர்கள் எண்ணிவிடக் கூடாது. பொட்டல உடைகள் அனைத்தையும் விழாவுக்கு முன்பே திருப்பி அனுப்பினோம். கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

முகமூடிகளைப் பார்க்கும்போது இத்தாலியின் வெனிஸ் நகரத்துப் பழைய முகமூடிகள் நினைவுக்கு வந்தன. அங்கே பௌட்டா என்ற முகமூடியின் கீழ்ப்பகுதி முன்னோக்கி நீண்டிருக்கும். அணிந்தவர் அதைக் கழற்றாமலே உண்ணலாம், பருகலாம், பேசலாம். பெண்கள் அணிந்த மொரெட்டாவையோ உட்புறப் பொத்தானைப் பற்களால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய் திறந்தால் விழுந்துவிடும். இச்சேவையின் தலை முழுவதையும் மூடும் முகமூடிகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குள்ளிருந்து வரும் பேச்சு விளங்குவதில்லை, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்கள் முற்றிலும் ஒதுக்கப்படுகிறார்கள், சிறு குழந்தைகள் மிரண்டுவிடுகிறார்கள். கண்ணை மட்டும் மறைக்கும் வகை போதுமானது. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்காகக் கைப்பிடி வைத்த முகமூடிகளையும் அவர்கள் சேர்த்து அனுப்பியிருந்தது நல்ல சிந்தனை.

ஒரு குறையைக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். சில மக்களின் அன்றாட உடையையும் வழிபாட்டு உடையையும் கேலிச் சித்திரமாக்கும் வேடங்கள், தோலைக் கறுப்பாக்கும் பூச்சுடன் சேர்த்து, இன்னும் இவர்களுடைய பட்டியலில் இருக்கின்றன. விருந்தினர்களில் ஒருவர் தம் தாத்தாவின் உடையை இன்னொருவர் பகடி செய்வதைப் பார்க்க நேர்ந்தால், அந்த விழாவில் கற்பனைக்கு என்ன இடம் இருக்கும்? அவற்றை நீக்கும்படி எழுதியிருக்கிறோம். பரிசீலிப்பதாகப் பதில் வந்துள்ளது.

காலணிகள் தேய்ந்திருந்தன, அவரவர் காலணியை அணிவதே மேல். பெரிய அளவுகளில் மேலங்கிகள் குறைவாக இருப்பதால், உடல் பருமனானவர்களுக்கு உரியவற்றை முதலில் பதிவு செய்துவிட வேண்டும். கறை பட்டால் நீங்களே துவைக்க முயல வேண்டாம். எதனால் பட்ட கறை என்று ஒரு சீட்டில் எழுதி உடையோடு வைத்தால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கும் இவர்களிடமே பதிவு செய்திருக்கிறோம். இம்முறை தொப்பிகளும் மேலங்கிகளும் கைப்பொருள்களும் மட்டும்தான் எங்கள் பட்டியலில் உள்ளன.