தொண்டைப் புற்றுநோய்க்கு ஆயுள் கணிக்கும் செயலி: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

என் அண்ணனுக்கு வலது டான்சிலில் புற்றுநோய். வாய்வழியாக ரோபோ அறுவைசிகிச்சை செய்து, அந்தப் பக்கக் கழுத்தின் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பயாப்ஸி அறிக்கை வந்த இரவே அண்ணன் மகன் இந்த இலவசச் செயலியைக் கைப்பேசியில் இறக்கிவிட்டான். "சித்தப்பா, நாலாம் கட்டம் என்று காட்டுகிறது" என்று நடுராத்திரியில் எனக்குப் போன்.

ஓய்வுபெறும்வரை ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் இறப்பு விகித அட்டவணைகளோடு மல்லுக்கட்டியவன் நான். விடையை நம்புவதற்கு முன் என்னென்ன கேட்டார்கள் என்று பார்ப்பேன். இந்தச் செயலி கேட்பது வயது, ஆணா பெண்ணா, கட்டியின் அளவு, நெறிக்கட்டிகளின் நிலை. அவ்வளவுதான். ஹெச்பிவி என்ற தொற்று வைரஸால் வந்த புற்றா என்ற கேள்வியே கிடையாது! அண்ணனின் அறிக்கையில் 'பி16 பாசிட்டிவ்' என்று, அதாவது அந்த வைரஸ் வகையைக் காட்டும் புரதம் இருக்கிறது என்று, தடித்த எழுத்தில் இருக்கிறது. அதைப் பதியச் செயலியில் ஓர் இடம்கூட இல்லை.

வித்தியாசம் சில்லறையா என்ன? கதிர்வீச்சும் கீமோவும் பெற்றவர்களைப் பற்றி 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் வைரஸ் வகையில் 82.4 சதவீதம், மற்றதில் 57.1.

அண்ணனுக்குக் கட்டி 2 செ.மீ.க்குள், புற்று பரவிய நெறிக்கட்டிகள் இரண்டு. புற்றின் கட்டத்தைப் பிரிக்க மருத்துவர்களுக்கு விதிநூல் உண்டு. செயலி இன்னும் பிடித்துத் தொங்கும் அதன் ஏழாம் பதிப்பு விதிகளில் இது 4-ஏ, அதாவது நாலாம் கட்டத்தின் ஒரு பிரிவு. அமெரிக்காவில் 2018-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில் பி16 பாசிட்டிவுக்குத் தனி அட்டவணை உண்டு. அறுவைக்குப் பின் நெறிக்கட்டிகளை எண்ணுகிறார்கள்: நான்கு வரை ஒரு பிரிவு, ஐந்தும் அதற்கு மேலும் அடுத்தது. அதன்படி அண்ணன் முதல் கட்டம். மறுநாள் அறிக்கையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் காட்டியவர் அறுவை மருத்துவர். வெட்டிய விளிம்பில் புற்று எஞ்சியதா, நெறிக்கட்டியின் உறையைத் தாண்டியதா, தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்தாண்டுக்கு மேல் சிகரெட் பிடித்தவரா என்றும் அவர் பார்த்தார். செயலிக்கு இவை எதுவும் வேண்டாம்.

எழுத்து பெரிதாக இருக்கிறது, விளம்பரம் இல்லை. இரண்டு நட்சத்திரம் அதற்குத்தான். முடிவைக் காட்டுமுன் தொலைபேசி எண் கேட்கும், கொடுக்காதீர்கள். அண்ணன் மகன் என் எண்ணைக் கொடுத்திருக்கிறான். விடிந்ததும் ஒரு முகவர் அழைத்து, எனக்கே பாலிசி விற்கப் பார்த்தார்.