பழி தீர்க்கும் இரு கதைகள்: நாவலும் வில்லுப்பாட்டும்

பாளையங்கோட்டை நூலகத்தில் எடுத்த இருண்ட மிகுபுனைவு நாவலை இரண்டே இரவுகளில் முடித்தேன். ஆயினும், குடும்பத்தைப் பறிகொடுத்த நாயகன் பத்தாவது எதிரியை வெட்டிச் சாய்த்தபோது எனக்குள் பதற்றமோ இரக்கமோ மிஞ்சியிருக்கவில்லை.

நம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லடித்துப் பாடப்படும், நாட்டுப்புறத் தெய்வமான இசக்கியின் கதையும் பழிவாங்கும் கதைதான். நகைக்காகக் கொல்லப்பட்டவள் மறுபிறவியில் நீலியாக வந்து, கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தன்னைப் போலவே மறுபிறவி எடுத்திருக்கும் கொலைகாரனையே தன் கணவன் என்று ஊரார் முன் வழக்காடுகிறாள். குடத்தின் தாளத்தோடு நள்ளிரவில் கேட்பதாலோ என்னவோ, அந்த ஒற்றைக் கள்ளிக்கொப்பு நாவலின் நூறு பக்க மாயவித்தையைவிட என்னை அச்சுறுத்துகிறது. பழி முடிந்தபின் இசக்கித் தெய்வமாகிவிடும் நீலிக்குப் பீடமும் படையலும் கிடைக்கின்றன. நாவலின் நாயகனுக்கோ அடுத்த பாகம் மட்டுமே.

எனினும், கொலைகாரனின் மனத்துக்குள் நெடுநேரம் நிற்கும் துணிவு நாவலுக்கே உண்டு என்பதால், இரண்டாம் பாகத்தையும் எடுத்து வருவேன்.