முதல் குழந்தைக்கு முன் ஒரு முதல் கொலு: மயிலாப்பூர் வடக்கு மாட வீதிப் பொம்மைக் கடைகள்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலை ஒட்டிய வடக்கு மாட வீதியில், ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பாகவே கொலு பொம்மைக் கடைகள் நடைபாதையை நிறைத்துவிடுகின்றன. 2025ஆம் ஆண்டில் நவராத்திரி தொடங்குவதற்கு முந்தைய நாளான மகாளய அமாவாசை செப்டம்பர் 21ஆம் தேதி வந்தது. கூட்டம் சேருமுன் பொறுமையாகப் பார்த்து வாங்க விரும்பி, நாங்கள் அந்த மாதத் தொடக்கத்திலேயே சென்றோம். தலைப்பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் தங்கள் வீட்டில் புதிதாகக் கொலு தொடங்குவதற்கு இந்தக் கடைகள் எவ்வளவு ஏற்றவை என்பதைப் பற்றியே இந்த மதிப்பீடு.

என் பிறந்த வீட்டில் கொலு உண்டு. புகுந்த வீட்டில் அந்த வழக்கம் இல்லை. வழக்கமில்லாத வீட்டில் தொடங்கலாமா என்று பெரியவர்கள் தயங்குவது எங்கும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் என் மாமியாரே, “குழந்தை வரப்போகிற வீடு, தாராளமாக வையம்மா” என்று சொல்லிவிட்டார். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்ற மரபு, குழந்தையை எதிர்பார்க்கும் வீட்டுக்கு மிகவும் பொருந்துகிறது. பிள்ளை வளர வளரக் கொலுவும் கூடவே வளரும் என்பதால், முதல் ஆண்டிலேயே ஒன்பது படிகளை நிரப்பும் அவசியம் இல்லை. நாங்கள் பொம்மை வாங்கிய கடையில் இருந்த அம்மையாரும், “முதல் கொலுவா? மூணு படி போதும், மீதியைப் பிள்ளை வந்து கேட்கும்” என்றார். விற்க வந்தவரே குறைவாக வாங்கச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களின் வேலைப்பாடுகளை ஒரே வீதியில் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதுதான் இங்குள்ள பெரிய வசதி. தசாவதாரம், அஷ்டலட்சுமி, பலசரக்குக் கடையுடன் அமர்ந்திருக்கும் செட்டியார் பொம்மை ஆகியவற்றோடு வளைகாப்பு செட்டும் கிடைக்கிறது. நடுவில் கர்ப்பிணி அமர்ந்திருக்க, சுற்றிலும் பெண்கள் வளையலும் சீர்த்தட்டும் ஏந்தி நிற்கும் அந்த செட்டை நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டோம். முகங்களை எழுதிய விதம் நேர்த்தியாக இருந்தது. பின்வரிசைப் பொம்மைகளின் கைவிரல்களில் மட்டும் வண்ணம் வழிந்திருந்தது. ஒரே செட்டில்கூட வேலைத்தரம் மாறும் என்பதால், ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியே கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பொம்மையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால், செங்கல் நிறத்தில் உள்கூடாக இருப்பது சுட்ட மண் என்றும், வெள்ளையாக இருப்பது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றும் பெரும்பாலும் தெரிந்துவிடும். காகிதக்கூழ்ப் பொம்மைகள் எடை குறைந்தவை. தூக்கி அடுக்க எளிதானவை, ஆனால் ஈரமும் பூச்சியும் அவற்றை விரைவில் கெடுத்துவிடும். பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சுட்ட மண்ணையே சிபாரிசு செய்வேன்.

பிள்ளை வரப்போகும் வீட்டார் மிகவும் கவனிக்க வேண்டியது வண்ணத்தைத்தான். தை மாதத்தில் பிறக்கவிருக்கும் எங்கள் குழந்தை, அடுத்த நவராத்திரியில் படியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கும் வயதில் இருக்கும். கைக்கு எட்டியது நேராக வாய்க்குத்தான் போகும். எந்த வண்ணம் பூசப்பட்டது, அதில் ஈயம் கலந்திருக்கிறதா என்ற கேள்விக்கு நாங்கள் விசாரித்த கடைகளில் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இதை இந்தக் கடைகளின் உண்மையான குறையாகவே கருதுகிறேன். ஆகவே வண்ணப் பொம்மைகள் அனைத்தும் மேல் இரண்டு படிகளில் இருக்கட்டும். கீழ்ப்படியில் வண்ணமும் மெருகும் பூசாத, குழந்தையால் விழுங்க முடியாத அளவுள்ள மரப்பொருள்களை மட்டும் வைக்கலாம்.

கொலுவில் முதலிடம் பெறும் மரப்பாச்சி இணையை வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். மரபாகச் செம்மரத்தில் செதுக்கப்பட்ட பொம்மை அது. செம்மரத்தை வெட்டவும் விற்கவும் கட்டுப்பாடுகள் உள்ள இக்காலத்தில், வேறு மரத்தில் செய்து சிவப்புச் சாயம் ஏற்றியவையும் விற்கப்படுகின்றன. ஒரு கடையில் செம்மரம் என்று உறுதியாகச் சொல்லிக் கொடுத்த பொம்மையை என் கணவர் ஈரக் கைக்குட்டையால் துடைத்தபோது, துணி முழுவதும் சிவந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு கடையில் சாயமேற்றாத மரத்தின் இயல்பான நிறத்திலேயே இருந்த இணையை வாங்கினோம். பட்டுத்துணி உடுத்தி விற்கும் மரப்பாச்சியானால், துணியை விலக்கி மரத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு வீதியில் வசதி குறைவு. உட்கார இடமில்லை, மாலையில் நெரிசல் அதிகம், மெட்ரோ ரயில் பணிகளால் சுற்றியுள்ள சாலைகளில் வண்டி நிறுத்துவதும் கடினம். வார நாளில் காலை வேளையில், திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வருவது நல்லது. விலை பெரும்பாலும் ஒட்டப்பட்டிருப்பதில்லை. இரண்டு மூன்று கடைகளில் கேட்ட பிறகு பேசினால் நியாயமான விலைக்கு வருகிறார்கள். செட்டாக வாங்குபவர்கள் அட்டைப் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விஜயதசமி இரவில் பொம்மைகளைப் படுக்கவைத்து, மறுநாள் எடுத்துக் கட்டி வைத்தால், அடுத்த நவராத்திரி வரை அவை அந்தப் பெட்டியில்தான் இருக்கப்போகின்றன.