நோத்தோவா, ராகுசா இப்லாவா? ஒரே நிலநடுக்கம் தந்த இரண்டு மலையூர்கள்

1693 ஜனவரி 11 அன்று சிசிலித் தீவின் தென்கிழக்கை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து, வளைவுகளும் சிற்ப அலங்காரங்களும் நிறைந்த பரோக் என்னும் ஐரோப்பியக் கட்டடப் பாணியில் மீண்டெழுந்த எட்டு ஊர்களை யுனெஸ்கோ 2002-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த எட்டில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர் பெரும்பாலும் நோத்தோவையோ ராகுசாவின் பழைய நகரான இப்லாவையோ தேர்ந்தெடுக்கிறார். இரண்டும் ஒரே காலத்தவை. சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. ஆனால், அழிந்த ஊரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவை தந்த விடைகள் நேரெதிரானவை.

நோத்தோ இடம்பெயர்ந்தது. அரபியர் காலத்தில் தென்கிழக்குச் சிசிலியின் தலைநகராக இருந்து, 1091-இல் நார்மன்களிடம் கடைசியாகப் பணிந்த அந்த மலைக்கோட்டை நகரை அப்படியே கைவிட்டுச் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு சரிவில் புது நகரம் அமைக்க, அரசப் பிரதிநிதியின் சார்பில் வந்த கமாஸ்த்ரா பிரபு ஜியுசெப்பே லான்சா முடிவெடுத்தார். மக்களில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் எதிர்த்தும் அம்முடிவு மாறவில்லை. எனவேதான் இன்றைய நோத்தோவில் சரிவை ஒட்டி நேர்த் தெருக்கள் இணையாக ஓடுகின்றன. முதன்மைத் தெருவில் சதுக்கங்கள் அடுத்தடுத்து விரிகின்றன. அகன்ற படிக்கட்டின் உச்சியில் பேராலயமும், எதிரே விஞ்சென்சோ சினாத்ரா வடிவமைத்த நகர மன்றமான துச்செசியோ மாளிகையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. நிக்கோலாச்சி மாளிகையின் மாடங்களைத் தாங்கும் சிங்கங்களும் குதிரைகளும் கடற்கன்னியரும் இந்த ஒழுங்குக்குள் துள்ளி விளையாடும் கற்பனைகள்.

ராகுசாவின் கதை இத்தனை நேரானதன்று. நிலநடுக்கத்துக்கு முன்பே அந்த ஊர் சான் ஜோர்ஜோ, சான் ஜொவான்னி என்னும் இரு ஆலயங்களின் பெயரால் இரு அணிகளாகப் பிரிந்திருந்தது. பேரழிவுக்குப் பின் சான் ஜொவான்னி அணியினர் மேலேயுள்ள பாத்ரோ சமவெளியில் நேர்த் தெருக்களோடு புது ராகுசாவைக் கட்டினர்; சான் ஜோர்ஜோவைச் சார்ந்த பழைய பிரபுக் குடும்பத்தினரோ மூதாதையர் மண்ணை விட மறுத்து, இடைக்காலத் தெருக்கள் கிடந்தபடியே அவற்றின் மீது மாளிகைகளையும் கோயில்களையும் எழுப்பினர். இந்தப் பகை 1865-இல் இரண்டு தனி நகராட்சிகளாக முற்றி, 1926-இல்தான் மீண்டும் ஒன்றானது. ஊர்மக்களின் பிடிவாதம் ஒரு வரைபடத்தையே காப்பாற்றிய அரிய நிகழ்வு இது; இப்லாவின் வளைந்த சந்துகளில் நடப்பவர் 1693-க்கு முந்தைய ஊரின் தடத்திலேயே நடக்கிறார். பழைய சான் ஜோர்ஜோ ஆலயத்தில் எஞ்சிய, கட்டலான்-கோதிக் என்னும் இடைக்காலப் பாணியிலான வாயில், இப்லேயோ பூங்காவின் அருகே இன்றும் தனித்து நிற்கிறது.

கட்டடக்கலையை மட்டும் எடைபோட்டாலும் என் தராசு இப்லா பக்கமே சாய்கிறது. நோத்தோவில் பல பணிகளைச் செய்த ரொசாரியோ கல்யார்தியே 18-ஆம் நூற்றாண்டில் இப்லாவின் புதிய சான் ஜோர்ஜோவையும் வடிவமைத்தார். நடுப்பகுதி முன்னோக்கிப் புடைக்க, தூண்கொத்துகள் அடுக்கடுக்காக உயரும் அந்த முகப்பு, சதுக்கத்துக்கு நேராக அமையாமல் சற்றே கோணலாகப் படிக்கட்டின் மேல் திரும்பியிருப்பதால், கீழிருந்து ஏறுபவருக்கு ஒவ்வோர் அடியிலும் வேறு தோற்றம் தருகிறது. நோத்தோவின் பேராலயம் கம்பீரமானதுதான். ஆனால் அது ஒரே பார்வையில் தன்னை முழுவதும் காட்டிவிடுகிறது.

நோத்தோவுக்குச் சேர வேண்டிய பெருமை வேறொன்று உண்டு. பேராலயத்தின் தூண்களுக்குள் நிரப்பப்பட்டிருந்த கற்குவை வலுவற்றது; 1990 நிலநடுக்கம் அவற்றை மேலும் தளர்த்த, 1996 மார்ச் 13 அன்று குவிமாடமும் கூரையின் பெரும்பகுதியும் சரிந்தன. நல்வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. நகரம் மனந்தளராமல், பழைய முறைக் கட்டுமானத்தையே வலுப்படுத்தி மீண்டும் எழுப்பி, 2007-இல் ஆலயத்தைத் திறந்தது. கட்டடப் பாதுகாப்பில் அக்கறையுள்ளவருக்கு இதற்காகவே நோத்தோ அவசியம்.

மற்றவர்க்கு என் பரிந்துரை இப்லாதான். நோத்தோவையே தேர்ந்தெடுப்பவர் மலைமேல் கைவிடப்பட்ட நோத்தோ அந்திகாவுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். கோட்டை வாயிலும் மதில் துண்டுகளும் புதருக்குள் கிடக்கும் அந்த இடத்தைக் காணாமல், எதை விட்டுவிட்டு இத்தனை ஒழுங்கான நகரம் பிறந்தது என்பது விளங்காது.